திரிநூலில் ஒரு துடைதுணி

1

டென்மார்க்குக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஊர்ப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. ரயிலில், பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில், பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்து ஓரத்தில், எங்கே பார்த்தாலும் மடியில் பருத்தி நூல் உருண்டையை வைத்துக்கொண்டு சதுரமாக எதையோ பின்னிக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் குழந்தைக்கு ஸ்வெட்டராக்கும் என்று நினைத்தேன். இல்லை, தட்டு துடைக்கிற துணியாம். ஒரு ஜாண் துணிக்கு ஒரு வாரப் பாடு! நம் ஊரிலிருந்து யாராவது வந்து பார்த்தால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. ரயிலில் எதிர் இருக்கையில் ஒருத்தி நூலை எடுத்தால் நான் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட. மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு வாய் ஜாஸ்தி. இந்த ஒன்றை மட்டும் அப்படியே விழுங்கிக் காலத்தை ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

போன கார்த்திகை தீபத்துக்கு இருபது நாள் இருக்கும்போது என் மகள் நிவேதா பள்ளியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். அவளுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற வயது. அன்று அதிசயமாகத் தமிழ் வந்தது.

"அம்மா, இது உனக்கு. நானே பின்னினேன். தட்டு துடைக்க."

கைவேலை வகுப்பில் இரண்டு ஊசிகளை வைத்துப் பின்னியது. நடுவில் ஒரு கண்ணி நழுவிச் சின்னதாக ஓட்டை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். வெள்ளை வெளேர் என்று இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு கண்ணு" என்று வாங்கி, மடித்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

"சமையலறையில வைக்கலையா?"

"அழுக்காயிடும்டா."

"அழுக்காகத்தானே அம்மா அந்தத் துணி?"

பீரோவைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் காலை காபி போட வந்தேன். துணி சமையலறைக் குழாயின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் தூக்கம். "சுமதிக்கா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுபடி மடித்து வைத்தேன். மறுநாள் மறுபடி குழாயில். மூன்றாம் நாள் கதவோரம் நின்று பார்த்தேன். நிவேதாதான். தூக்கக் கலக்கத்தோடு பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியில் கைவிட்டு உருவி, ஸ்டூல் போட்டு ஏறி, குழாயில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். பேய் இல்லை, பிள்ளைதான் என்று தெரிந்தால் நிம்மதி வர வேண்டும் இல்லையா? எனக்கு வரவில்லை. ஏனென்றால் என் அக்காவும் இதையேதான் செய்தாள்.

2

திருவண்ணாமலையில் எங்கள் வீடு செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுவோம். எண்பத்தொன்பதில் அப்படித் தங்கியிருந்த ஒரு பெண் ஊருக்குப் போகும்போது குழாயடியில் ஒரு பின்னல் துணியை மறந்துவிட்டுப் போனாள். அம்மா அதைக் கால்மிதியாகப் போடலாமா என்று யோசித்தாள். சுமதி அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினாலு. அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அந்தத் துணியைப் பிரித்துத்தான் கற்றுக்கொண்டாள். கண்ணி கண்ணியாக உருவுவாள். நூல் எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியே வந்தது என்று பார்ப்பாள். பிறகு வந்த வழியே திருப்பி அனுப்புவாள். சைக்கிள் கடையில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, நுனியை வளைத்து, வாசற்படிக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கியதுதான் அவளுடைய குரோஷா ஊசி. நான் பக்கத்திலேயே குந்திக்கொண்டு வாய் பார்ப்பேன். ஒரு வாரம் பிரிப்பதும் பின்னுவதுமாக இருந்ததில் அந்த நூல் நைந்து பஞ்சாகப் போய்விட்டது.

புது நூலுக்கு எங்கே போவது? கடையில் கம்பளி நூல்தான் உண்டு, அது ஈரத்தை உறிஞ்சாது. தையல் நூலோ மெல்லிசு.

"தடியா, மெத்துனு இருக்கணும் கலா. நம்ம ஊர்ல அந்த மாதிரி நூலு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது" என்றாள் அக்கா. "திரிநூல். ஒரு சிட்டம் கெடச்சா போதும். அம்மாவுக்கு ஒரு துணி, மிச்சத்துல உனக்கு ஒரு பர்ஸ்."

விளக்குக்குத் திரி போடுகிற நூல் அது. தீபம் நெருங்கினால் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சிட்டம் சிட்டமாக, கத்தை கட்டித் தொங்கும். பர்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டிலேயே ஒரு சிட்டம் இருந்தது. அந்த வருஷம் ஆடி மாசம் அக்காவுக்கு டைபாய்டு வந்து இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை பிழைத்து எழுந்தால் கோயில் விளக்குக்குத் திரிநூல் கொடுக்கிறேன் என்று அம்மா அருணாசலேஸ்வரரிடம் வேண்டிக்கொண்டாள். அக்கா பிழைத்தாள். அந்தக் கார்த்திகைக்கு அம்மா நூல் வாங்கி, நுனியில் ஒரு முழத்துக்கு மஞ்சள் தடவிக் காயவைத்து, யாரும் தொடாதபடி ஒரு துணியில் சுற்றி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். தேரன்று கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. தேரன்று காலை அம்மா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள், கோயிலுக்குள் போக முடியாது. அப்பா பஸ் கண்டக்டர், தீபத்துக்கு ஸ்பெஷல் பஸ் என்று நாலு நாளாக வீட்டுக்கே வரவில்லை. அக்காவுக்கு உடம்பு முழுதாகத் தேறவில்லை, கூட்டத்தில் நின்றால் மயக்கம் வரும். மிச்சம் நான்தான்.

"நேரா போ. நூல் வாங்குற மேசையில குடு. பேரு சுமதின்னு சொல்லு. குங்குமம் வாங்கிக்கிட்டு வந்துடு. நடுவுல எங்கயும் நிக்காத, இன்னா?" என்று அம்மா எட்ட நின்றே சொன்னாள்.

போனேன். மேசைக்கு முன்னால் பெரிய வரிசை. அரை மணி நேரம் நெரிசலில் நின்றேன். உள்ளே நூல் மலைபோலக் குவிந்திருந்தது. இவ்வளவு நூலில் எங்கள் சிட்டம் ஒன்று கம்மியானால் சாமிக்குத் தெரியவா போகிறது என்று தோன்றியது. வரிசையை விட்டு நகர்ந்தேன். சனங்கள் நெற்றியில் இட்டது போக மிச்சத்தைத் தூண் ஓரம் கொட்டிவிட்டுப் போவார்களே, அந்தக் குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து மடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "குடுத்துட்டேம்மா" என்றேன். அம்மா அந்தக் குங்குமத்தை அக்கா நெற்றியில் வைத்தாள். அக்காவிடம் இன்னொரு பொய்: மாமா கொடுத்த திருவிழாக் காசில் நூல் வாங்கினேன் என்று.

"இது இன்னா நுனியில மஞ்சளா இருக்குது?"

"கடையில மஞ்சக் கட்டு பக்கத்துல வச்சிருந்தாங்கக்கா."

"நல்லாத்தான் இருக்குது. பார்டர் மாதிரி" என்று மஞ்சள் நுனியிலிருந்தே ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் எப்போதும் இரட்டை முடிச்சுப் போடுவாள், அவிழ்ந்துவிடுமோ என்று பயம். நாலு நாளில் துணி முடிந்தது. நூலும் முடிந்தது. பர்ஸும் இல்லை, மண்ணும் இல்லை.

அம்மா துணியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "பாத்திரத்தக் கழுவிக் கவுத்தா அது பாட்டுக்குக் காயுது. அதுக்கு ஒரு துணியா?" என்றாள். சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, பழைய வேட்டியில் கிழித்த கரித்துணியையே எடுத்துக்கொண்டாள்.

அக்கா விடவில்லை. தினமும் காலையில் அந்தத் துணியை ஆணியிலிருந்து எடுத்துக் கழுவின தட்டுகள் மேல் போட்டு வைப்பாள். அம்மா ஒன்றும் பேசாமல் திரும்ப மாட்டிவிடுவாள். "மகாராணி என் துணியத் தொட மாட்டாங்க" என்று அக்கா சிரிப்பாள். ஒரு மாதம் போனபின் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

தை மாதம் அக்காவின் கண்கள் மஞ்சளாயின. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாசி முடிவதற்குள் போய்விட்டாள். மஞ்சள் காமாலை என்றார்கள். வீட்டில் அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும்போது நான் ஆணியில் தொங்கிய துணியின் மஞ்சள் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அக்கா உயிருக்கு என்று கொடுக்க வேண்டிய நூலை நான் திருடினேன், சாமி அக்காவை எடுத்துக்கொண்டார். நான்தான் கொன்றேன் என்று பதினாலு வயதில் முடிவு செய்தேன். முப்பது வயதிலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

3

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் படிவம். வந்த முதல் வருஷம் ஒரு படிவத்தில் உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். கை தானாக "ஒன்று" என்று எழுதிவிட்டது. போன வருஷம் குடியுரிமைக்கு எழுதியபோது, இறந்தவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்து, "இல்லை" என்று எழுதினேன். நிவேதாவின் துணி வந்த அதே வாரம் குடியுரிமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பு ஒரு சகோதரி என்றீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், எது சரி என்று விளக்கவும். தப்பு அவர்கள் பேரில் இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படிப்பேன்.

அந்த வாரமே பள்ளியில் பெற்றோர் கூட்டம். துணி எப்படி இருக்கிறது, வீட்டில் உபயோகப்படுகிறதா என்று டீச்சர் கேட்டார். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். என் டேனிஷ் எப்போதும் சமயத்தில் காலை வாரும். பூட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் சிரித்தார். நிவேதா சிரிக்கவில்லை, தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு துணி குழாய்க்கு வரவில்லை. புடவைக்கு அடியிலேயே கிடந்தது. காலையில் எழுந்து குழாயைப் பார்ப்பேன், வெறுமையாக இருக்கும். அது தொங்கியபோது பயந்தேன் என்றால், தொங்காதபோது இன்னும் பயமாக இருந்தது. நிவேதா தமிழை மொத்தமாக நிறுத்திவிட்டாள். "சாப்பிட வா" என்றால் டேனிஷில் "பசியில்லை". வகுப்புத் தோழியின் அம்மாவிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். அந்த அம்மா வீட்டில் இவள் பின்னிய இன்னொரு துணி கறையும் ஈரமுமாகக் குழாயில் தொங்குவதை நானே பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

4

தீபத்தன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை நாலரை. அப்பா போனபின் அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். கடிதத்துக்குப் பதில் எழுத அக்காவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதைக் கேட்கத்தான் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"நல்ல நேரத்துல போன் பண்ண. சுமதி பின்னுறப்ப கூடவே குந்திக்கிட்டு இருப்பியே, அந்தப் பின்னல் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா. எதுக்கு?"

"ஒரு முடிச்சு வரமாட்டேங்குது. இழுத்தா இன்னும் இறுகுது. ஆறு மணிக்கு மலையில தீபம் ஏத்திடுவாங்க, அதுக்குள்ள எடுக்கணும்."

"எந்த முடிச்சும்மா?"

"அவ பின்னுன துணிதான். நீ அங்க போனதுலேர்ந்து வருசத்துக்கு ரெண்டு வரிசையா உருவிக்கிட்டு வந்தேன். இந்த வருசத்தோட முடியுது. மஞ்சள்ல வந்து நிக்குது."

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "எதுக்கும்மா உருவுற?"

"எதுக்கு உருவுவாங்க? விளக்குக்குத் திரி போடத்தான். சாமிக்குனு எடுத்து வச்ச நூலு இல்ல அது?"

பதினாறு வருஷம் நான் பொத்தி வைத்திருந்ததை அம்மா முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"துணியக் கையில வாங்குன அன்னிக்கே தெரியும். மஞ்சள் தடவுனது நானு. என் கை தடவுன மஞ்சள் எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா இன்னா ஆவும்? உன்ன நாலு அடி அடிச்சிருப்பேன். அவ அழுதிருப்பா. அடுத்த வருசம் ரெண்டு சிட்டமா குடுத்துக்கலாம்னு இருந்தேன். சாமி இன்னா போலீஸ்காரரா?"

"அதனாலதாம்மா அக்கா..." அழுகைதான் வந்தது.

"ச்சீ, வாய மூடு! தண்ணியில வந்த நோவுடி அது. அந்த வருசம் நம்ம சந்துலயே இன்னும் ரெண்டு பேரு படுத்தாங்க. அவ உடம்புல தெம்பு இல்ல, தாங்கல. இத்தினி வருசமா இதையா நெனச்சிக்கிட்டு இருந்த? பைத்தியக்காரி. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"என்னப் போட்டு அறுக்கறது வேற, கலா. அந்தத் துணியால நான் ஒரு தட்டுகூடத் தொடைக்கல. சாமி நூல்ல எச்சித் தட்டத் தொடைக்கக் கூடாதேன்னு ஆணியில மாட்டுனேன். அவளுக்கு அது தெரியுமா? அம்மாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சிக்கிட்டா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுகூடக் கேட்டா, 'ஏம்மா, கோணலா பின்னிட்டனா?'ன்னு. நூல் சங்கதியச் சொன்னா உன்மேல கோவப்படுவாளேன்னு நான் பதிலே சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். ஒரே ஒரு தடவ, அவ கண்ணுக்கு எதிர்ல, அதால ஒரு தட்டத் தொடச்சிருந்தா இன்னா? சாமி கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும்னு தொடச்சிருக்கலாம் நானு."

நான் பீரோ இருந்த அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடு, நேரமாவுது. முடிச்சுக்கு வழி சொல்லு."

"அது ரெட்ட முடிச்சும்மா. இழுக்காத. ஊக்கு இருக்குதா? ஊக்கு முனைய நடுவுல குத்தி மெதுவா நெம்பு. மேல் முடிச்சு தளர்ந்ததும் அடுத்ததுல குத்து."

ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. வாசலில் யாரோ "அம்மா, அகல் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு போனது இங்கே வரைக்கும் கேட்டது.

"வந்துடுச்சி" என்றாள் அம்மா. "ஒரு முழந்தான் இருக்குது. மஞ்சள் இன்னும் போவல பாரு."

5

சான்றிதழ் கேட்க மறந்தே போனேன். கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவிலிருந்து எடுத்து, "சகோதரி ஒருத்தி, பெயர் சுமதி, காலமாகிவிட்டாள்" என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் எழுதினேன். அதில் எத்தனை பிழை இருந்ததோ தெரியாது.

பிறகு பீரோவைத் திறந்து துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். காலையில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் அப்படியே கிடந்தன. கழுவ ஆரம்பிக்கவில்லை. நிவேதா வர ஒன்றேகால் ஆகும். குழாய்க்கு முன்னால் அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்தப் பயம் ஒரு போனில் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கதவு திறந்தது. ஷூ கழற்றுகிற சத்தம் கேட்டது. நிவேதா பையோடு சமையலறை வாசலில் வந்து, என் கையில் இருந்ததைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அவள் பார்க்கும்படி ஒரு தட்டை எடுத்துக் கழுவினேன். துணியை விரித்து, தட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை துடைத்தேன். அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது, சாம்பாரின் மஞ்சள் வெள்ளைத் துணியில் ஏறிவிட்டது. கையை நிறுத்தாமல் இன்னொரு தடவை துடைத்தேன்.

"அம்மா, மஞ்சள் ஆயிடுச்சு" என்றாள் நிவேதா. தமிழில்தான் சொன்னாள்.

"ஆவட்டும்."

"போகாதே?"

"போகாது."

பையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. அங்கே மலை உச்சியில் தீபம் ஏற்றியிருப்பார்கள். அம்மா வாசலில் அந்த ஒரு முழத்தை முறுக்கி அகலில் போட்டிருப்பாள். சின்னத் திரி, சீக்கிரம் எரிந்துவிடும். அதற்குப் பிறகு அக்காவின் கைபட்டது என்று அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது.

"கோணலே இல்ல" என்றேன். "நல்லா நேராத்தான் பின்னியிருக்க. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கோணலான்னு கேட்கவே இல்லையே அம்மா."

"இல்ல, நீ கேக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தேன்.